தவமலர் அக்காவின் முதல் பந்தி

செய்தி வந்தபோது நான் உருத்திரபுரத்தில் வீட்டு முற்றத்தில் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு, எந்த ஆணி எங்கே போகும் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசியில் பாலேந்திரன். ஐந்தாம் வாய்க்கால் சந்தியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அங்குள்ள கடைக் கட்டட உரிமையாளர் சங்கத்தின் தலைவர். "ரீ.ஓ., தவமலரக்கா விடிய மோசம் போயிட்டா. நெஞ்சு நோகுது எண்டு சொன்னவாவாம். ஆசுபத்திரிக்கு ஏத்த முதல் முடிஞ்சுது" என்றார். நான் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. சந்திக்காரருக்கு நான் இன்னும் ரீ.ஓ.தான். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். நாளைக்குப் பின்னேரம் என்றார். அன்று மோட்டாரை நான் பூட்டவில்லை.

செத்த வீட்டில் பாலேந்திரன் என்னைப் பந்தலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார். முப்பத்தோராம் நாளுக்குச் சங்கத்தின் செலவில் ஒரு நினைவு மலர் அடிக்கப் போவதாகவும், அதில் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றும் கேட்டார். சம்மதித்தேன். "ஒண்டு மட்டும், ரீ.ஓ. காணிக் கந்தோருக்குப் போன அந்தக் கடிதக் கதையை விட்டிடுங்கோ. அவா செய்தது பிழைதான். ஆனா செத்த ஆளின்ர பிழையைப் புத்தகத்தில போடக் கூடாது" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதத்தான் போகிறேன். பாலேந்திரன் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபிக்கட்டும்.

சந்தியில் இருக்கும் உங்களுக்குத் தவமலர் அக்காவை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் மலர் என்பது கைமாறிப் போகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவருடைய தகப்பனார் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து அக்கராயனில் வயல் கூலி செய்தவர். கடைசிக் காலத்தில் சந்தியடியில் ஒரு துண்டு அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் எடுத்தார். அந்தத் துண்டில் தவமலர் அக்கா இரண்டு அறைக் கடை ஒன்று கட்டினார். ஓர் அறையில் தானே கொப்பி, பேனை விற்றுப் போட்டோக் கொப்பி இயந்திரமும் வைத்திருந்தார். மற்ற அறையை வாடகைக்கு விட்டார். சங்கத்தின் செயலாளர் பதவி அவருக்கு வந்ததற்குக் காரணம், மற்ற யாருக்கும் எழுதப் பஞ்சி, சோம்பல் என்பதுதான்.

வயல் செய்கிறவருக்காகப் பேசக் கமக்காரர் அமைப்பு இருக்கிறது. வீடு இல்லாதவருக்காகப் பேசப் பத்து நிறுவனம் வரும். கடை கட்டி வாடகைக்கு விடுகிறவருக்காகப் பேசப் போனால் யாருக்கும் இரக்கம் வராது. சந்தியில் கடைக் கட்டடம் வைத்திருந்தவர்கள் ஒன்றும் பணக்காரர் இல்லை. பாதிப் பேர் தகரக் கூரைக்கு மேலே போகவில்லை. ஆனாலும் 'முதலாளிமார்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தவமலர் அக்காவுக்கு இது நன்றாகத் தெரியும். "எங்களைப் பாத்து ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லாயினம். அதால நாங்கள் அளந்துதான் காட்டவேணும்" என்பார்.

அளந்து காட்டுவது என்றால் என்ன என்று எனக்கு முதலில் காட்டியது வாகனத் தரிப்பிட விவகாரம். கடைக் கட்டடம் கட்டுகிறவர் இத்தனை சதுர அடிக்கு இத்தனை கார் நிறுத்த இடம் விட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எங்கோ பெரிய நகரத்துக்கு எழுதிய விதி. அப்படி இடம் விட்டால் சந்தியில் கடை கட்டக் காணி மிஞ்சாது. பலர் என்னிடம் வந்து கத்திவிட்டுப் போனார்கள். தவமலர் அக்கா கத்தவில்லை. ஒரு சந்தை நாள் காலையிலிருந்து பின்னேரம்வரை தன் கடை வாசலில் கதிரை போட்டிருந்து, வந்து நின்ற வாகனங்களை எல்லாம் ஒரு கொப்பியில் கோடு போட்டு எண்ணிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். சைக்கிளுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கோடு. மோட்டார் சைக்கிளுக்கு அரைப் பக்கம். உழவு இயந்திரமும் இரண்டு சக்கர லாண்ட்மாஸ்டரும் சேர்த்துச் சில வரி. காருக்கு இரண்டே கோடு.

"ரெண்டு கார்தானா அக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டுதான் ரீ.ஓ. ஐயா. அதிலயும் ஒண்டு வழி கேக்க நிண்டது."

அலுவலகத்தில் மற்றவர்கள் இருந்தால் நான் ரீ.ஓ. ஐயா. தனியே இருந்தால் தம்பி. அந்தக் கணக்கில் அவர் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. அன்று அவர் கேட்டது தரிப்பிட விதியை எடுத்துவிடும்படி அல்ல. கார் நிறுத்தும் இடத்துக்குப் பதிலாக, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் வீதியை மறிக்காமல் திரும்ப ஒரு பொது இடம் விடுகிறோம், அதைக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டார். எந்த இடம், எத்தனை அடி என்பதும் எழுதியிருந்தது. நான் போய் நாடா பிடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. சபை அதை ஏற்றுக்கொண்டது. இன்று நெல் மூட்டையோடு உழவு இயந்திரங்கள் சிரமமில்லாமல் திரும்பிப் போகிற அந்த வெளி அப்படி வந்ததுதான்.

அவருடைய மனுக்களுக்கு ஒரு குணம் உண்டு. நான் முப்பது வருடம் மனு வாசித்தவன். எல்லா மனுவும் 'நாம் பல்லாண்டு காலமாக அல்லலுற்று' என்றுதான் தொடங்கும். மனுக் கொடுப்பவர் செய்த பிழையை நானாகத் தேடிப் பிடிக்க வேண்டும். தவமலர் அக்காவின் மனுவில் முதல் பந்தியிலேயே அது இருக்கும். வடிகால் கேட்டு எழுதிய மனு இப்படித் தொடங்கியது: 'எங்கள் உறுப்பினர் மூவர் பழைய வடிகாலின் மேல் சீமெந்துத் தட்டுப் போட்டுக் கடை வாசலை நீட்டியுள்ளனர். மழை வெள்ளம் தேங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.' மூவரின் பெயரும் அடுத்த வரியில். அதன் பிறகுதான் வேண்டுகோள்.

இதனால் சங்கக் கூட்டத்தில் அவரோடு சண்டை பிடிக்காதவர் இல்லை. பாலேந்திரனின் கடைப் பின்னறையில் நடந்த ஒரு கூட்டத்துக்குச் சபையின் சார்பில் நானும் போயிருந்தேன். பாலேந்திரன் அந்த மூவரில் ஒருவர். "செயலாளர் எங்களுக்கோ, சபைக்கோ?" என்று மேசையில் தட்டிக் கேட்டார். தவமலர் அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "ரீ.ஓ. ஐயா வந்து பாத்தா அந்தத் தட்டு அவருக்குத் தெரியாதே? அவர் கண்டுபிடிச்சுச் சொன்னா அது குற்றம். நாங்கள் முந்திச் சொன்னா அது தகவல்." நான் சிரித்துவிட்டேன். பாலேந்திரன் என்னை முறைத்தார். மூன்று தட்டும் அந்த மாதமே உடைக்கப்பட்டன, அடுத்த வருடம் வடிகால் வந்தது.

இன்னொரு நாள் சங்கத்து ஆட்கள் இரணைமடுக் குளத்து மீன் ஒரு பை நிறைய எங்கள் வீட்டுக் குசினியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எப்படியோ அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று மத்தியானமே சைக்கிளில் வந்து என் மனைவியிடம் பையைத் திருப்பித் தரும்படி கேட்டார். மனைவி ஏற்கனவே பாதியை வெட்டிவிட்டிருந்தாள். "அப்ப மற்றப் பாதியைத் தாங்கோ பிள்ளை" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் என்னைக் கண்டபோது, "மீன் குழம்பு திண்ட ஆள் எங்களுக்குச் சார்பா எழுதினா அந்த எழுத்துக்குப் பெறுமதி இல்லை, தம்பி" என்றார். வெட்டிய பாதியை நாங்கள் சாப்பிட்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். அதற்கு முன் உறவுக் கடிதம் என்றால் என்ன என்று வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். சந்தியில் ஒருவருக்கும் உறுதிக் காணி, அதாவது சொந்தப் பத்திரம் உள்ள காணி, இல்லை. எல்லாம் அனுமதிப்பத்திரக் காணி. அதில் வீடு கட்டி இருக்கலாம், பயிர் செய்யலாம். கடை கட்டி வாடகைக்கு விட முடியாது. விட்டால் பத்திரத்தை இரத்துச் செய்யலாம். ஆனால் சந்தி வளர்ந்துவிட்டது. தொலைபேசி திருத்துகிறவரும் மருந்துக் கடைக்காரரும் நிதிக் கம்பனியும் கடை கேட்டு வந்தார்கள். அதனால் எல்லோரும் ஒரு வழி கண்டார்கள். வாடகை ஒப்பந்தம் எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக, 'இக்கடையில் இருப்பவர் எனது உறவினர், எனக்காகக் கடையைப் பராமரிக்கிறார்' என்று ஒரு கடிதம் எழுதிக் கடையில் வைத்திருப்பார்கள். பதினான்கு கடையில் பதினொன்றில் அப்படி ஒரு கடிதம் இருந்தது. தெற்கே காலி நகரத்திலிருந்து மாற்றலாகி வந்த நிதிக் கம்பனி முகாமையாளர், தமிழில் பத்துச் சொல் தெரியாத மனிதர், இரண்டு வருடம் பாலேந்திரனின் மருமகனாக இருந்தார். பாலேந்திரனுக்குப் பெண் பிள்ளையே இல்லை.

சிரிக்கலாம்தான். ஆனால் உறவுக் கடிதத்தைக் காட்டி யாரும் வங்கியில் கடன் எடுக்க முடியாது, மேல்மாடி கட்ட அனுமதி கேட்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் கடையை விட்டு எழும்ப மறுத்தால் நீதிமன்றம் போக முடியாது. கடை நடத்தும் காணித் துண்டுகளுக்கு மட்டும் அரசாங்கம் நீண்டகாலக் குத்தகை தர வேண்டும், அதை விதியாகவே கொண்டுவர வேண்டும் என்று தவமலர் அக்கா ஒரு மனுத் தயாரித்தார். அவர் செய்ததில் பெரிய வேலை அதுதான். கடை கடையாகப் போய் அளந்தார். எந்தக் கட்டடம் எத்தனை அடி, எந்தத் துண்டில் வீடு இருக்கிறது, எதில் கடை மட்டும் இருக்கிறது என்று எல்லாம் எழுதினார். பிறகு முதல் பந்தியை எழுதினார். 'எங்களில் பதினொரு பேர் கடையை வாடகைக்கு விட்டு, வாடகைக்காரரை உறவினர் என்று பொய்யாக எழுதி வைத்திருக்கிறோம். இதைக் கையொப்பமிடுகிறவரும் அதில் ஒருவர்.' பதினொரு பேரின் பட்டியலும் பின்னால் இணைக்கப்பட்டிருந்தது.

அந்த மனுவைப் பற்றிப் பேசக் கூடிய சங்கக் கூட்டம் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். மனுவை நேராக, அனுமதிப்பத்திரம் தருகிற அலுவலகமான காணிக் கந்தோரிலேயே கொடுப்போம் என்று தவமலர் அக்கா சொல்லியிருக்கிறார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மனு சபைக்கு மட்டும் போகும். பெயர்ப் பட்டியல் சபைக் கோப்போடு நிற்கும். சபை பொதுவாக ஒரு தீர்மானம் போட்டு, அதை மட்டும் மாவட்டக் காணிக் கூட்டத்துக்குக் கொண்டுபோகும். தவமலர் அக்கா அதற்கு வாக்குக் கொடுத்தார். அடுத்த நாள் மனுவை என் கையில் தந்தபோது, "தம்பி, இது சபையை விட்டு வெளியில போகக் கூடாது. நான் சொல்லிப்போட்டு வந்தனான்" என்றார். நான் ஓம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்த மனுவைக் கோப்பில் சேர்த்தேன். காணி என்ற சொல் வருகிற எந்தக் கடிதத்துக்கும் காணிக் கந்தோருக்கு ஒரு பிரதி வைப்பது எங்கள் அலுவலகத்தில் வழக்கம். வருடக்கணக்காகச் செய்த வழக்கம் கைக்கு வந்துவிடும், தலையைக் கேட்காது. நான்தான் முகப்புக் கடிதம் எழுதினேன். நான்தான் கீழே 'பிரதி: காணிக் கந்தோர், தேவையான நடவடிக்கைக்காக' என்று எழுதினேன். நான்தான் கையொப்பம் வைத்தேன். பட்டியலும் சேர்ந்துதான் போனது. அன்று எனக்கு வேறு யோசனை இருந்தது என்றோ, வேலை அதிகம் என்றோ எழுதலாம். உண்மையில் அது ஒரு சாதாரண நாள்.

ஆறு வாரத்தில் பதினொரு பேருக்கும் அறிவித்தல் வந்தது. சங்கம் கொடுத்த மனுவில் ஒப்புக்கொண்டபடி நிபந்தனையை மீறியிருப்பதால், அனுமதிப்பத்திரத்தை ஏன் இரத்துச் செய்யக் கூடாது என்று காரணம் காட்டும்படி. மனு யார் மூலம் வந்தது என்று அதில் ஒரு வரியும் இல்லை. நான் அன்று வடிகால் மூடி பார்க்கச் சந்திக்குப் போயிருந்தேன். தவமலர் அக்காவின் கடை வாசலில் எல்லோரும் நின்றார்கள். பாலேந்திரனின் கையில் அறிவித்தல்.

"நேர காணிக் கந்தோருக்குக் குடுக்கவேணும் எண்டு நிண்டனீங்கள். நாங்கள் வேண்டாம் எண்டனாங்கள். இப்ப குடுத்திட்டீங்கள், என்ன?" என்று கேட்டார்.

"என்ர எழுத்துத்தான்" என்றார் தவமலர் அக்கா.

"நான் அதைக் கேக்கேல்லை. நீங்கள் குடுத்தனீங்களோ?"

 தவமலர் அக்கா கூட்டத்துக்கு மேலால் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் கையில் நாடா இருந்தது. நான் குனிந்து வடிகாலை அளக்கத் தொடங்கினேன். அளக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை.

அந்த வாரமே அவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் உறுதிக் காணி வைத்திருந்தவர்களும் அந்தப் பதினொரு பேரில் உண்டு. இது போனால் அங்கே ஒரு துண்டு இருக்கும். தவமலர் அக்காவுக்கு இந்த அனுமதிப்பத்திரம் ஒன்றுதான். கோபத்தில் ஒருவர், "போக இடமில்லாத ஆள் எங்களையும் சேத்து விழுத்திப்போட்டா" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. யார் என்று எழுதவில்லை. வாசிக்கும்போது அவருக்கே தெரியும்.

பதவி போன மறுநாள் காலை நான் அவருடைய கடைக்குப் போனேன். போட்டோக் கொப்பி இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்பும்வரை என்னைப் பார்க்கவில்லை. பிறகு கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"அக்கா, பிரதி அனுப்பினது நான்தான். இண்டைக்கே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுறன்" என்றேன்.

"தெரியும். வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"இருங்கோ, சொல்லுறன்" என்றார். இருந்தேன். "இப்ப அவைக்குக் கோவிக்க ஒரு ஆள் வேணும். சபைதான் செய்தது எண்டு தெரிஞ்சா சபையோட சண்டை தொடங்கும். சபை தீர்மானம் போடாது. குத்தகை வராது. பதினொரு பத்திரமும் போகும். கோவம் என்னில எண்டா ஒரு வேலையும் நிக்காது. நான் இப்ப செயலாளரும் இல்லை."

 "எனக்காக இப்பிடிச் செய்யாதேங்கோ அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

"உங்களுக்காகவோ? உங்களில எனக்குச் சரியான கோவம், தம்பி. கையில தந்து சொல்லி விட்டனான். பச்சப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னனான். இது உங்களுக்காக இல்லை. போய்த் தீர்மானத்துக்கு அறிக்கையை எழுதுங்கோ. குத்தகை எல்லாற்ற கையிலயும் வந்தாப்பிறகு நீங்களே சொல்லுங்கோ. அது உங்கட வேலை."

நான் போய் அறிக்கையை எழுதினேன். அதைவிடக் கவனமாக என் வாழ்நாளில் ஒரு அறிக்கை எழுதியதில்லை.

காணி விசாரணை நகரத்தில் நடந்தது. சபையின் சார்பில் நான் போயிருந்தேன். வெளியே உட்கார இரண்டு வாங்கு போட்டிருந்தது. பத்துப் பேர் ஒரு வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். மற்ற வாங்கில் தவமலர் அக்கா தனியே. தன்னுடையதை முதலில் எடுக்கும்படி அவரே கேட்டு வாங்கினார். விசாரித்த உத்தியோகத்தர் ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கடையில இருக்கிறவர் உங்கட பெறாமகன் எண்டு எழுதியிருக்கிறீங்கள். எந்த வழியில பெறாமகன்?" என்று கேட்டார்.

"ஒரு வழியிலயும் இல்லை ஐயா. வாடகைக்கு இருக்கிற பெடியன். அது பொய்."

"பொய் எண்டு தெரிஞ்சுதான் எழுதினீங்களோ?"

"ஓம். நாங்கள் பதினொரு பேரும் தெரிஞ்சுதான் எழுதினது. பொய் எழுதாமல் கடை நடத்த ஒரு வழி தாங்கோ எண்டுதான் கேக்கிறம். எங்களுக்கு முதல் நீங்கள் கண்டுபிடிக்கேல்லை. நாங்கள்தான் வந்து சொன்னது. அதை எழுதிக்கொள்ளுங்கோ."

அவர் எழுதிக்கொண்டார். தவமலர் அக்கா வெளியே வந்து, அடுத்த வாங்கைப் பார்த்து, "உள்ளதைச் சொல்லுங்கோ. ஆளுக்கொரு கதை சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.  பத்துப் பேரும் உள்ளே போய் உள்ளதைத்தான் சொன்னார்கள். பாலேந்திரன் தன் காலி மருமகனைப் பற்றிச் சொன்னபோது அந்த உத்தியோகத்தரே பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஒருவருடைய பத்திரமும் இரத்தாகவில்லை. சபை தீர்மானம் போட்டது, மாவட்டக் கூட்டம் ஏற்றுக்கொண்டது. சொந்த வாயால் ஒப்புக்கொண்டவர்கள் என்று கோப்பில் இருந்தது உதவியது என்பதை அந்தக் கூட்டத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு வருடத்தில் ஒன்பது பேருக்கு நீண்டகாலக் குத்தகை கையில் வந்தது. மீதி இரண்டு கடை வாய்க்கால் ஒதுக்கீட்டுக்குள் நின்றதால் கிடைக்கவில்லை. ஒருவர் காணியை விட்டுவிட்டு மகனோடு போய்விட்டார். மற்றது தவமலர் அக்காவின் கடை.

ஒன்பது பேரும் குத்தகைப் பத்திரத்தோடு படம் எடுத்த நாளில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. ஒரு விசாரணை வந்தால் ஓய்வூதியம் இழுபடும் என்று பயந்தேன். ஓய்வுபெற்ற பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். ஓய்வுபெற்றேன். விதைப்பு முடியட்டும் என்று நினைத்தேன். வெட்டு முடியட்டும் என்று நினைத்தேன். போன வருடம் ஆசுபத்திரி மருந்து வரிசையில் அவரைக் கண்டேன். முழங்கால் நோ என்றார். சுகம் விசாரித்த பிறகு, "தம்பி, இன்னும் சொல்லேல்லையோ?" என்று கேட்டார். "சொல்லுறன் அக்கா" என்றேன். "சரி, உங்கட வசதிப்படி" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு வெட்கமாக இருந்தது.

ஆகவே பாலேந்திரன், அவா செய்த பிழை என்று ஒன்றும் இல்லை. பிரதி அனுப்பியது நான். என் கையொப்பத்தோடு அது காணிக் கந்தோர்க் கோப்பில் இப்போதும் இருக்கும். யாரும் போய்ப் பார்க்கலாம். நீங்கள் அவரோடு கதைக்காமல் விட்ட அத்தனை வருடமும் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கடையில் தேநீர் குடித்தேன். உங்கள் மகனின் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்தேன். அவருக்கு அழைப்பு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் அவரிடமிருந்து வைத்திருப்பது ஒரு மனுவின் பிரதி. தன்னுடைய கடைக்காக அவர் கடைசியாக எழுதியது. 'எனது கடை வாய்க்கால் ஒதுக்கீட்டுக்குள் ஏழு அடி நிற்பது உண்மை' என்று தொடங்குகிறது. அந்த ஏழு அடியை இடிக்கச் சம்மதம், மிச்சத்துக்குக் குத்தகை தாருங்கள் என்று கேட்கிறது. சரி பார்க்கும்படி என்னிடம் தந்தார். போய் அளந்தேன், ஏழு அடிதான். மனு இன்னும் காணிக் கந்தோரில் கிடக்கிறது. கடையை இப்போது மகள் கோகிலா நடத்துகிறாள். சங்கத்தின் சிபாரிசு இல்லாமல் அந்த மனுவை எடுக்க மாட்டோம் என்று கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள். தவமலர் அக்கா இரண்டு தடவை சங்கத்துக்கு எழுதிக் கேட்டார். சங்கம் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மனுவின் கடைசிப் பக்கத்தில் தலைவரும் செயலாளரும் ஒப்பம் வைக்க இடம் விட்டிருக்கிறார். முப்பத்தோராம் நாள் அன்று அதைக் கொண்டுவருவேன். என்னை ஏசுவதை எல்லாம் ஏசி முடித்துவிட்டு ஒப்பத்தை வையுங்கள்.